திருக்கோவலூர் இடைகழி

நடுநாட்டு வைணவத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்றாகிய திருக்கோவலூரில், பெண்ணையாற்றின் தென்கரையில் எழுந்தருளியிருக்கும் திருவிக்கிரமப் பெருமாள் சந்நிதியோடு சேர்த்து நினைக்கப்படுவதும், முதலாழ்வார்கள் என்று போற்றப்பெறும் பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களாய் ஒரு மழையிரவில் ஒதுங்கி, காரணம் விளங்காத ஒரு நெருக்குதலுக்கு ஆட்பட்டு, அந்நெருக்கத்திலேயே பகவானைக் கண்டு பாடினார்கள் என்று குருபரம்பரை நூல்கள் கூறுவதுமான சிறு நடைவழியே திருக்கோவலூர் இடைகழி எனப்படும். தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் அந்தாதித் தொடையில் அமைந்த முந்நூறு வெண்பாக்கள் பிறந்த இடமாக இதனைச் சம்பிரதாயம் கொண்டாடுகிறது.

பழைய தமிழ் இல்லங்களில் தெருத்திண்ணையை விட்டுத் தலைவாயிலைக் கடந்ததும், உட்கூடத்தை அடையுமுன் குறுக்கே அமைந்திருக்கும் ஒடுங்கிய பகுதியே இடைகழி. ரேழி என்றும் நடை என்றும் இன்றும் வழங்குவர். வீட்டுக்கு உரியவரல்லாதவர் உள்ளே புகுதல் மரபன்று; மழையும் குளிரும் இருக்கையில் வெளித்திண்ணையிற் படுத்தலும் இயலாது. ஆகவே வழிப்போக்கர்களுக்கு இயல்பாகக் கிடைக்கும் புகலிடம் இதுவாகவே இருந்தது. கதையில் வரும் இடைகழி ஊர் நடுவிலுள்ள இல்லத்துக்கு உரியதன்று. மிருகண்டு மகரிஷியின் ஆசிரமத்தைச் சேர்ந்தது என்பது ஐதிகம். உலகளந்த திருக்கோலத்தைக் காணவேண்டித் தவம் புரிந்து அப்பேற்றை அங்கேயே அடைந்த முனிவர் அவர் எனத் தலபுராணம் கூறும்.

கோவலூரின் பெருமை வைணவத்தோடு தொடங்கியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊர் இது. அவ்வள்ளல்களுள் மற்றொருவனான பாரி மாய்ந்தபின் அவன் மகளைத் தக்கவனிடம் ஒப்புவித்துவிட்டுப் புலவர் கபிலர் தீயிற் புகுந்த செய்தியை இவ்வூர் வீரட்டானேசுவரர் ஆலயத்துச் சோழர்காலக் கல்வெட்டொன்று குறிப்பிடுகிறது. ஆற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்று அந்நினைவை இன்றளவும் தாங்கி நிற்கிறது. அட்டவீரட்டத் தலங்களுள் அந்தகாசுர சங்காரம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இவ்வூர். சிவவேடத்தைக் கண்டு தம்மைக் கொல்ல வந்தவனையும் காத்து அனுப்பிய மெய்ப்பொருள் நாயனார் அரசாண்டதும் இவ்வூரே. அபயம் புகுந்தவனைக் கைவிடாமை என்னும் குணம் சங்ககாலப் புரவலனிடத்தும் சைவ நாயனாரிடத்தும் ஒருங்கே போற்றப்பட்ட ஒரு நகரத்தில்தான் இடைகழியின் கதையும் வேரூன்றியிருக்கிறது என்பதை அதனைப் படிக்கும் எவரும் மனத்திற் கொள்ளுதல் நன்று.

மூவருடைய பிறப்பும் மானுடத் தாய்தந்தையரின்றி நிகழ்ந்ததாகவே குருபரம்பரை சொல்லும். பொய்கையார் காஞ்சியில் திருவெஃகாவை அடுத்த பொய்கையில் பூத்த தாமரையில் ஐப்பசித் திருவோணத்தன்றும், பூதத்தார் கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் மறுநாள் அவிட்டத்திலும், பேயார் மயிலையில் ஒரு கிணற்றிலே மலர்ந்த செவ்வல்லிப்பூவில் அதற்கடுத்த சதயத்திலும் அவதரித்தார்கள் என்றும், முறையே பாஞ்சசன்னியம் என்னும் சங்கம், கௌமோதகி என்னும் கதை, நந்தகம் என்னும் வாள் ஆகியவற்றின் அம்சமானவர்கள் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. அடுத்தடுத்த மூன்று நாட்களில் தொண்டைநாட்டின் மூன்று ஊர்களிற் பிறந்தும், ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாமல், ஓரிடத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்காத விரதமுடையவர்களாய், உலகியல் மாந்தரோடு கலவாமல் திரிந்தவர்கள் இம்மூவரும். பகவத்விஷயத்தில் ஆழ்ந்து பித்துக்கொண்டவரைப்போல் ஒழுகியமையால் மூன்றாமவர்க்குப் பேயார் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இத்தகைய மூவரும் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே நாளிற் கோவலூரை வந்தடைந்தார்கள். ஆயனார் எனப்படும் அவ்வூர்ப் பெருமாளைச் சேவித்த பிறகு பொழுது சாய்ந்தது, வானம் இருண்டது, பெருமழை பிடித்துக்கொண்டது. முதலில் வந்த பொய்கையார் முனிவரின் ஆசிரமத்து இடைகழியிற் புகுந்து, ஒருவர் காலை நீட்டுதற்கு மட்டுமே போதிய அவ்விடத்திற் படுத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பூதத்தார் வந்து இடம் உண்டோ என வினவ, ஒருவர் படுக்கலாம், இருவராயின் இருக்கலாம் என்று கூறி எழுந்து அமர்ந்து பாதியிடத்தை அவருக்கு ஈந்தார். இருவரும் அமர்ந்திருக்கையிற் பேயார் வந்து சேர்ந்தார். இருவர் இருக்கலாம், மூவராயின் நிற்கலாம் என்று அவர்கள் எழுந்து நின்று அவரையும் உள்ளே ஏற்றுக்கொண்டார்கள். வந்தவர் யார், எக்குலம், எவ்வூர் என்ற விசாரணை எதுவும் முதலில் நிகழவில்லை என்பதும், இடம் கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லும் எண்ணம் ஒருவர்க்கும் எழவில்லை என்பதும் இக்கதையின் உயிர்நிலையாகும்.

அதன்பின்பே மூவரும் தத்தம் நிலையைச் சொல்லிப் பகவத்குணங்களைப் பேசிக்கொண்டு நின்றார்கள். அவ்வமயத்தில், வாயிற்கதவு திறந்த ஓசையும் இல்லாமல், காலடி கேட்டதும் இல்லாமல், நாலாவதாக ஒருவர் உட்புகுந்து நடுவே நின்று மூவரையும் சுவரோடு சுவராக நெருக்குவது போன்ற உணர்ச்சி அவர்களுக்கு உண்டாயிற்று. கை நீட்டிப் பார்க்கவும் இடமில்லை. உடலுக்கு உடல் உரசுகிறது; மூச்சு முட்டுகிறது; நெருக்குபவரையோ காணவில்லை. கதையைச் சொல்லிய பெரியோர் அந்நேரத்தில் மூவருக்கும் அச்சம் உண்டாயிற்று என்று எழுதவில்லை. இன்னார் என்று அறியவேண்டும் என்ற அவா உண்டாயிற்று என்றே எழுதினார்கள். ஓடிப்போகவோ கதவைத் திறந்து மழையில் இறங்கவோ ஒருவரும் முனையவில்லை. விளக்கு வேண்டும் என்பதே மூவர்க்கும் தோன்றிய எண்ணம். நெய்யும் திரியும் அகலும் இல்லாத அவ்விருட்டில் அவர்கள் ஏற்றிய விளக்குகளே பிரபந்தங்களாயின.

பொய்கையார் பூமியையே அகலாகவும், அதனைச் சூழ்ந்த கடலையே நெய்யாகவும், கதிரவனையே சுடராகவும் கொண்டு விளக்கேற்றி, துன்பக்கடல் நீங்குதற்பொருட்டுச் சக்கரமேந்தியவன் திருவடிக்குச் சொன்மாலை சூட்டினார். இது நூறு வெண்பாக்களாய் விரிந்து முதல் திருவந்தாதி ஆயிற்று. புறவிருள் நீங்கிய அளவில், பூதத்தார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், இன்பத்தால் உருகும் சிந்தையைத் திரியாகவும் வைத்து நாரணனுக்கு ஞானவிளக்கு ஏற்றினார். இது இரண்டாம் திருவந்தாதி. பேயாரோ விளக்கேதும் ஏற்றவில்லை. இரண்டு ஒளிகளும் கூடி நின்ற அவ்விடத்தில் தாம் கண்டதை மட்டும் சொன்னார்: முதலில் திருமகளை, பின்பு பொன்போன்ற மேனியை, கதிரவனை ஒத்த ஒளியை, போருக்குரிய சக்கரத்தையும் வலம்புரிச் சங்கத்தையும் கைக்கொண்ட கடல்வண்ணனை. அன்று கண்டதை அன்றே சொல்லும் வேகம் அவ்வெண்பாவுக்கு இருக்கிறது. இது மூன்றாம் திருவந்தாதி. நெருக்கியவர் யார் என்ற வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. வந்தவன் தனித்து வரவில்லை, பிராட்டியோடு வந்திருந்தான்.

இச்சரித்திரத்தை விரிவாகச் சொல்லும் நூல்களுள் முக்கியமானவை இரண்டு: வடமொழியில் கருடவாகன பண்டிதரின் திவ்யசூரி சரிதம், மணிப்பிரவாளத்தில் பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவம். பின்னவர் நம்பிள்ளையின் சீடர், பதின்மூன்றாம் நூற்றாண்டினர். ஆழ்வார்கள் வாழ்ந்த காலத்துக்கும் இந்நூல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்துள்ளமையால், மூலபாசுரங்களில் இக்கதைக்கு ஆதாரம் உண்டோ எனத் தேடுவது ஆராய்ச்சியாளர் கடமையாகிறது. தேடினால் கிடைப்பது வியப்பைத் தருவது.

மூவருள் எவரும் தம் அந்தாதியில் மற்ற இருவரின் பெயரைச் சொல்லவில்லை. அவ்விரவைப் பற்றி நேராகவும் பேசவில்லை. ஆயினும் முதல் திருவந்தாதியின் 86ஆம் வெண்பாவில், மலையைக் குடையாக எடுத்து மழைக்குளிரை மறைத்த பண்பாளனை விளித்து, நீயும் திருமகளும் வாயிலுக்கு வெளியே போகாமலும் வீட்டுக்கு உள்ளே புகாமலும் அழகிய கோவலூரின் இடைகழியையே பற்றிக்கொண்டு நின்றீர்கள் என்னும் பொருள்படப் பொய்கையார் பாடியிருக்கிறார். மழை உண்டு, இடைகழி உண்டு, கோவலூர் உண்டு, பிராட்டியும் உண்டு. கதையின் உறுப்புக்களில் இல்லாதவை தோழர் இருவர் மட்டுமே. அதே நூலின் 77ஆம் வெண்பாவில், வேங்கடத்தில் நின்றான், விண்ணகரில் இருந்தான், வெஃகாவிற் கிடந்தான், கோவலூரில் நடந்தான் என்று நான்கு தலங்களுக்கு நான்கு நிலைகளை வகுத்துச் சொல்கிறார். அவ்விரவில் மூவரும் கொண்ட நிலைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகும்: படுத்தல், இருத்தல், நிற்றல், அதன்பிறகு நடந்து வந்தவன் நாலாமவன். வெண்பாவில் முதல் மூன்றாக வருபவை கதையில் தலைகீழாக அமைந்திருக்கின்றன; நான்காவது மட்டும் தன்னிடத்திலேயே நிற்கிறது. உலகளக்க அடியெடுத்தவனது நடையைப் பாசுரம் பேசுகிறது. அடியார்களின் நெருக்கத்தை நாடி இடைகழிக்குள் நடந்தவனைக் கதை பேசுகிறது. இவ்வொற்றுமை தற்செயலானது என்று இக்கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை. பாசுரத்தில் ஊறிய உள்ளங்களே கதையை இவ்வண்ணம் வடித்திருக்க வேண்டும்.

பூதத்தாரும் தம் அந்தாதியின் 70ஆம் வெண்பாவில் மாமல்லையோடும் குடந்தையோடும் கோவலூரைச் சேர்த்து எண்ணுகிறார். பேயாரின் நூறு பாக்களில் இவ்வூர்ப்பெயர் இல்லை. அங்ஙனமிருந்தும் பிற்காலத்தார் கோவலூர்க் காட்சியை ஏனைய இருவரினும் பேயாருக்கே முதன்மையாக உரிமையாக்கினார்கள் என்பது சிந்தித்தற்குரியது. மூன்றாம் திருவந்தாதிக்கு நாதமுனிகளின் சீடரான குருகை காவலப்பன் அருளியதாக வழங்கும் தனியன், மாடங்கள் நிறைந்த திருக்கோவலூருக்குள் கார்முகில் போன்றவனைக் காணப் புகுந்து தம் காட்சியை உரைத்தவர் எனப் பேயாரைத் துதிக்கிறது. இராமாநுசர் காலத்தவரான திருவரங்கத்தமுதனார் தம் இராமாநுச நூற்றந்தாதியில் மூன்று பாக்களை முறையே மூவருக்கும் வைத்து, பேயாருக்கு உரிய பத்தாம் பாவில், பேரிருள் ஒழிந்தபின் கோவலூரிலே திருமகளோடு மாயனைக் கண்டதைக் காட்டியவர் என்று அவரைப் போற்றுகிறார். ஆகவே குருபரம்பரை நூல்கள் எழுதப்படும் முன்பே கதையின் கரு சம்பிரதாயத்தில் உறுதிப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

வரலாற்று நிகழ்ச்சி என்று நம்புவார் நம்புக. இலக்கிய நோக்கில் இக்கதையை அணுகுவோர்க்கு வேறொரு பயன் இதில் உண்டு. தனித்தனியே பாடப்பட்ட மூன்று அந்தாதிகள் ஏன் ஒரே நூலின் மூன்று பகுதிகள்போல் ஒலிக்கின்றன, ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று ஏன் இயல்பாகத் தொடங்குகிறது என்ற கேள்விக்கு நம் முன்னோர் கதை வடிவிற் சொன்ன விடையே இடைகழிச் சரித்திரம். உலகத்தைப் பார்த்து அதன் காரணனை அனுமானிப்பவரின் குரல் முதலாவது. உள்ளத்தை உருக்கி உள்ளே தேடுபவரின் குரல் இரண்டாவது. தேட்டம் முடிந்து காட்சியில் நிற்பவரின் குரல் மூன்றாவது. இம்மூன்றையும் வியாக்கியான ஆசிரியர்கள் பரபக்தி, பரஞானம், பரமபக்தி என்று பெயரிட்டு வரிசைப்படுத்தினார்கள். அச்சாத்திரச் சொற்கள் புலமையாளர்க்கே எட்டுவன. படுக்கை இருக்கையாகி, இருக்கை நிலையாகி, நிலை நெருக்கமாகி, நெருக்கம் காட்சியாகும் கதையோ பாட்டியர் மடியிலிருந்தே குழந்தைகளுக்கு எட்டிவிட்டது. தமிழில் எழுந்த மிகப் பழைய இலக்கிய விமரிசனங்களுள் ஒன்றாக இதனை எண்ணுதல் தகும் என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

நெருக்கியவன் செயலுக்கு உரையாசிரியர்கள் காணும் காரணமும் அழகியது. கன்று ஈன்ற பசுவைப்போல அடியாரை விட்டு அகலமாட்டாத சௌலப்பியம் என்பர் அவர்கள். மூவுலகையும் ஈரடியால் அளந்தவனுக்கு அவ்வூர்க் கருவறையில் வானளாவிய தாருமயத் திருமேனி அமைந்திருக்க, அவனே மூவர் நிற்பதற்கும் போதாத நடைவழியில் இடம் தேடி வந்தான் என்ற முரண் பக்தர்களின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. பொய்கையார் பாசுரத்தில் அவன் வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் புகவில்லை என்பதற்கும், அடியார் நின்ற இடம் அதுவாதலின் அவ்விடத்தை விட மனமில்லை என்றே பொருள் விரித்தார்கள்.

வேதாந்த தேசிகர் (1268–1369) இப்பெருமானைத் தேஹளீசன், அதாவது இடைகழிக்கு இறைவன், என்ற திருநாமத்தாலேயே விளித்துத் தேஹளீச ஸ்துதி என்னும் வடமொழித் தோத்திரத்தைப் பாடினார். அதில் ஒரு சுலோகம் கதையின் போக்கையே புரட்டி வைக்கிறது. பெண்ணைக்கரையில் விளைந்த கரும்பு பெருமான். பொய்கையார் முதலிய கவிகள் நெருக்க அக்கரும்பினின்று வழிந்த சாறே நாம் நுகரும் சுவை என்கிறார். நெருக்குண்டவர் யார், நெருக்கியவர் யார் என்று பிரித்துச் சொல்லவியலாத ஒரு நிலையை இதனினும் செறிவாகச் சொல்லுதல் அரிது. கவிகள் தாம் பிழியப்பட்டதாக எண்ணியிருக்க, உண்மையிற் பிழியப்பட்டவன் வந்தவனே என்ற இந்த நோக்கு, இடைகழிக் கதைக்குக் கிடைத்த உரைகளிலெல்லாம் சிறந்ததாகும்.

மூவரின் காலத்தைச் சம்பிரதாயம் துவாபர யுகத்துக்குக் கொண்டுசெல்லும். சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் ஏழாம் நூற்றாண்டைச் சுட்டுவர். பூதத்தார் கூறும் மாமல்லை என்ற ஊர்ப்பெயர் மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனோடு (630–668) இயைந்தது என்பது அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று. அதற்கு முற்பட்டவர் என்பாரும் உளர். களவழி நாற்பது பாடிய பொய்கையாரும் பொய்கையாழ்வாரும் ஒருவரே என்ற கொள்கையும் ஒரு காலத்தில் வலுவாகப் பேசப்பட்டது. தம் வாய் திருமாலையன்றிப் பிறரை வாழ்த்தாது என்று உறுதி கூறிய ஒருவர் சோழன் செங்கணானின் போர்க்களத்தைப் பாடியிருத்தல் கூடுமோ என்ற தடை அக்கொள்கைக்கு எதிரே இன்னும் நிற்கிறது. நடையால் நோக்குமிடத்து, 101 வெண்பாக்களால் ஆகிய காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியோடு இவை மூன்றும் நெருங்கிய உறவுடையன. வெண்பாவும் அந்தாதியும் சேர்ந்த அவ்வடிவம் பக்தி இலக்கியத்தின் தொடக்க காலத்துக்கு உரியது என்று கொள்ளத் தகும்.

சமயப்பூசல் முற்றாத காலத்தின் குரலும் இவற்றில் கேட்கிறது. அரன், நாரணன் என்று பெயர் இரண்டு, ஏறும் பறவையும் என ஊர்தி இரண்டு, நூலும் இருப்பிடமும் தொழிலும் இவ்விரண்டு, ஆயினும் உடம்பு ஒன்று என்று பொய்கையார் பாடுகிறார். திருமலையில் நிற்பவனிடத்தில் தாழ்சடையையும் நீள்முடியையும், மழுவையும் சக்கரத்தையும், ஒருங்கே கண்டதாகப் பேயார் பாடுகிறார். வீரட்டானமும் திருவிக்கிரமன் கோயிலும் ஒருங்கே விளங்கும் ஊரில் இம்மூவரின் சந்திப்பு நிகழ்ந்ததாக மரபு கொண்டிருப்பது பொருத்தமே. இவர்களை அடுத்து வந்த திருமழிசையாரின் நான்முகன் திருவந்தாதியில் குரல் கடுமையாகிவிடுகிறது. திருமழிசையாரைத் திருத்திப் பணிகொண்டவர் பேயாரே என்று குருபரம்பரை கூறுவதோ, மாறுபட்ட இவ்விரு குரல்களையும் ஆசிரியர், மாணாக்கர் என்ற உறவாற் பிணைக்கிறது.

நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் இம்மூன்று அந்தாதிகளையும் அதன் இயற்பா என்னும் பகுதியின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வைத்தார். முதலியாண்டான், திருக்குருகைப்பிரான் பிள்ளான், குருகை காவலப்பன் ஆகியோர் பாடிய தனியன்கள் முறையே மூன்றுக்கும் முன்னே ஓதப்படுகின்றன. பெரியவாச்சான் பிள்ளை மூன்றுக்கும் வியாக்கியானம் அருளியுள்ளார். பிற்காலத்தில் திருமங்கையாழ்வார் கோவலூரைத் தனிப்பதிகத்தாற் பாடியதையும் சேர்த்து இத்தலத்துக்கு வழங்கும் பாசுரங்கள் 21. பஞ்சகிருஷ்ணாரணியத் தலங்களுள் ஒன்றாகவும் எண்ணப்பெறும் இக்கோயிலின் நிர்வாகம் எம்பெருமானார் ஜீயர் மடத்தின் பொறுப்பில் இருந்துவருகிறது. இங்குள்ள மூலவர் மற்றத் தலங்களிற் போலன்றி வலக்கையிற் சங்கையும் இடக்கையிற் சக்கரத்தையும் தாங்கி நிற்கிறார். ஐப்பசித் திருவோணம், அவிட்டம், சதயம் ஆகிய மூன்று நாட்களிலும் முதலாழ்வார்களின் திருநட்சத்திரம் வைணவ ஆலயங்களிற் கொண்டாடப்படுகையில், அந்தந்த நாளுக்கு உரிய அந்தாதி முழுவதையும் சேவிப்பது வழக்கம்.